ராணியார் மறைந்த மாதத்தில் உண்மையில் ஆடியது எது?

கேள்வி இதுதான்: "2022 செப்டம்பரில் ராணியார் இறந்தார், பவுண் விழுந்தது, அடுத்த மாதமே பிரதமரும் போனார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு பிரிட்டனே ஆட்டம் கண்டதுபோல் இருந்தது. லண்டனில் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசகராக இருக்கும் உங்களுக்கு அந்த நாட்கள் எப்படித் தெரிந்தன?"

ராணியாரின் மரணத்தில் இந்த நாடு ஆடவில்லை. ஆடியது பதினைந்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை. இரண்டும் ஒரே மாதத்துக்குள் நடந்ததால் பலர் ஒன்றாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதுதான், ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் விதத்தில் இல்லை.

அந்தக் கோடையே சரியில்லை. ஜூலை 7ஆம் திகதி பிரதமர் பொறிஸ் ஜோன்சன் விலகுவதாக அறிவித்த பிறகு, ஓகஸ்ட் முழுவதும் நாட்டுக்குப் பெயரளவில்தான் அரசாங்கம் இருந்தது. ஆளும் கட்சிக்குள் தலைமைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ரயில்காரர் வேலைநிறுத்தம், தபால்காரர் வேலைநிறுத்தம். ஓகஸ்ட் 26ஆம் திகதி வந்த அறிவிப்பு எல்லாவற்றிலும் மோசம்: ஒரு சராசரி வீட்டின் ஆண்டு எரிவாயு, மின்சாரச் செலவு 1,971 பவுணிலிருந்து ஒக்டோபரில் 3,549 பவுணுக்கு ஏறும். என்னிடம் வந்தவர்கள் வட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. ஹீற்றரைப் போடுவதா, போர்வையைப் போர்த்திக்கொண்டு இருப்பதா என்றுதான் பேசினார்கள்.

செப்டம்பர் 5ஆம் திகதி முடிவு வந்தது. லிஸ் ட்ரஸ்ஸுக்கு 81,326 வாக்கு, ரிஷி சுனக்குக்கு 60,399. ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டின் பிரதமரைத் தீர்மானித்த வாக்குகள் அவ்வளவுதான். சட்டப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ள கட்சி தன் தலைவரை மாற்றலாம். ஆனால் கட்சி அங்கத்தவரைக் கவர்வதற்காகச் சொன்ன வாக்குறுதிகள், பொதுத்தேர்தல் என்ற வடிகட்டிக்குள் போகாமலே அரசாங்கத்தின் கொள்கையாகிவிட்டன. சுனக் அந்தப் போட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்த நேரத்தில் கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டி ஏறும். அவர் தோற்றார்.

அடுத்த நாள் ஸ்கொட்லாந்தின் பல்மோரல் மாளிகையில் ட்ரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார் ராணியார். வழமையாக இது பக்கிங்ஹாம் அரண்மனையில்தான் நடக்கும். அன்று எடுத்த படத்தில் ஊன்றுகோலோடு சிரித்தபடி நிற்கிறார். கையில் கருநீலத் தழும்பு. அவருடைய முதல் பிரதமர் சேர்ச்சில் 1874இல் பிறந்தவர், பதினைந்தாவதும் கடைசியுமான ட்ரஸ் 1975இல் பிறந்தவர். எத்தனையோ புகழாரங்களை வாசித்தேன். எழுபது ஆண்டு ஆட்சி என்பதன் நீளத்தை எனக்கு உணர்த்தியது இந்த இரண்டு எண்கள்தான்.

8ஆம் திகதி வியாழக்கிழமை. எரிசக்திக் கட்டணத்தைச் சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 பவுணில் நிறுத்திவைக்கும் திட்டத்தை ட்ரஸ் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்தக் குளிர்காலத்தில் சாதாரண மனிதருக்கு மிக முக்கியமான அறிவிப்பு அதுதான். விவாதம் நடக்கும்போதே முன்வரிசைகளில் துண்டுக் கடதாசிகள் கைமாறின. பன்னிரண்டரை மணியளவில், ராணியாரின் உடல்நிலை குறித்து வைத்தியர்கள் கவலைப்படுவதாக அரண்மனை அறிவித்தது. மாலை ஆறரைக்கு மரணச் செய்தி. இரண்டரை மணித்தியாலம் முன்பு கட்டணத்தைப் பற்றித் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்ப எடுத்து, "சரி, பிறகு பாப்பம், இண்டைக்கு மனம் சரியில்லை" என்றார். கட்டண உச்சவரம்பு அன்றைய செய்தியிலிருந்து அப்படியே மறைந்து போயிற்று. பல வாரம் கழித்தும் அது என்னவென்று தெரியாதவர்களை நான் சந்தித்தேன்.

இலங்கைத் தமிழருக்கு இந்த மரணம் வேறு விதமாகவும் பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1952 முதல் 1972 வரை அவர் இலங்கைக்கும் ராணி. 1954இல் வந்தார், பிறகு 1981இல் வந்தார். என் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, "நான் பள்ளிக்கூடம் போகேக்க எங்கட காசிலயும் இவதானே இருந்தவ" என்று சொல்லி அழுதா. பக்கத்தில் இருந்த மாமா அழவில்லை. சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எங்களைக் காப்பாற்றும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டத்தை எதிர்த்துத் தமிழ் அரச ஊழியர் கோடீஸ்வரன் போட்ட வழக்கு, அன்று இலங்கைக்கும் இறுதி நீதிமன்றமாக இருந்த, லண்டனில் உள்ள கோமறைக் கழகம் வரை வந்தது. 1969இல் அது சட்டத்தின் செல்லுபடியை முடிவுசெய்யாமல், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு மட்டும் ஆம் என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1972இல் குடியரசானபோது ராணியும் போனார், 29ஆம் பிரிவும் போயிற்று. ஒரே வரவேற்பறையில் அழுகையும் கசப்பும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இருந்தன. யாரும் யாரையும் திருத்தவில்லை.

பிறகு தொடங்கியது மரணத்துக்குப் பிந்தைய அரச ஏற்பாடு. 'லண்டன் பாலம்' என்ற சங்கேதப் பெயரில் 1960களிலிருந்தே திட்டமிட்டு, திருத்தி, ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். ஸ்கொட்லாந்தில் மரணம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூடத் தனித் திட்டம் இருந்தது. அதற்குப் பெயர் 'யூனிகோர்ன்'. 10ஆம் திகதி சென்ட் ஜேம்ஸ் அரண்மனையில் புதிய அரசரை அறிவிக்கும் சபை கூடியது, வரலாற்றில் முதல் தடவையாகத் தொலைக்காட்சியில். அரைக்கம்பத்தில் இருந்த கொடிகளை அந்த அறிவிப்புக்காக முழுக்கம்பத்தில் ஏற்றி, மறுநாள் மீண்டும் இறக்கினார்கள். எந்தக் கொடி எந்த மணிக்கு ஏறவேண்டும் என்று யாரோ ஒருவர் பல வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கில் திட்டத்துக்கு வெளியே நடந்தது, மை கசிந்த பேனாவைப் பார்த்து சார்ள்ஸ் மன்னர் எரிச்சல்பட்டது போன்ற சில்லறை விஷயங்கள்தான்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அஞ்சலிக்கு வைத்திருந்த நாட்களில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் வந்தார்கள். தேம்ஸ் கரையோரமாக வரிசை சதர்க் பூங்கா வரை நீண்டது. ஒரு கட்டத்தில் காத்திருப்பு நேரம் இருபத்துநான்கு மணித்தியாலத்தைத் தாண்டியது. வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்பதை அரசாங்கமே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. டேவிட் பெக்காம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். அவர் முன்னுரிமை கேட்கவில்லை என்பதை நாடு அடுத்த வாரம் முழுவதும் பேசியது. நானும் ஒரு இரவு போய் நின்றேன். முடியாட்சிமேல் எனக்குப் பெரிய பற்று இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கையில் எண்ணிட்ட பட்டி, முன்னால் யோர்க்‌ஷயரிலிருந்து வந்த ஒரு தாதி, பின்னால் நைஜீரியத் தம்பதி. உள்ளே போகும்போது தண்ணீர்ப் போத்தலைக்கூடப் போடச் சொன்னார்கள். பெட்டியின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. தாதி குனிந்து வணங்கினா, நைஜீரியர் சிலுவை போட்டார். நான் கைகூப்பினேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, இறந்தவரின் முன்னால் வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.

அந்தப் பத்து நாளில் கூத்தும் குறைவில்லை. ஒரு பேரங்காடி, காசாளர் இயந்திரம் எழுப்பும் ஒலியைத் துக்கத்துக்காகக் குறைத்தது. ஒரு விடுமுறை முகாம் நிறுவனம், இறுதிச் சடங்கு நாளில் விருந்தினர் ஒரு இரவு வெளியே போய்த் தங்கவேண்டும் என்று அறிவித்து, திட்டு வாங்கி, மாற்றிக்கொண்டது. சிரிக்க முடியாதவையும் இருந்தன. 19ஆம் திகதி விடுமுறையால் வைத்தியசாலைச் சந்திப்புகள் தள்ளிப்போயின. ஒக்ஸ்ஃபோர்டில் அரசரை அறிவித்தபோது "அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று சத்தமாகக் கேட்டவரைப் பொலிஸ் பிடித்தது. தென்லண்டனில் 24 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் ஆயுதம் இல்லாத நிலையில் பொலிஸ் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்ததும் ராணியார் இறந்த அதே வாரத்தின் தொடக்கத்தில்தான். அதற்கு நீதி கேட்டுப் போன ஊர்வலத்தை ஒரு தொலைக்காட்சி, ராணியாருக்கு அஞ்சலி செலுத்தப் போகும் கூட்டம் என்று தவறாகச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டது. (சுட்ட காவலரை 2024இல் நடுவர் குழு குற்றமற்றவர் என்று விடுவித்தது.) லெஸ்டரில் இந்து, முஸ்லிம் இளைஞர் கும்பல்கள் வீதிக்கு வந்தது 17, 18ஆம் திகதிகளில். வேறு எந்த மாதமாக இருந்தாலும் இவை ஒவ்வொன்றும் ஒரு வாரத் தலைப்புச் செய்தி.

இப்போது அந்தத் தொடர்புக்கு வருகிறேன். துக்கத்தின்போது பாராளுமன்றம் அஞ்சலி உரைகளோடு நின்றுவிட்டது, கேள்வி நேரம் இல்லை. அரசியல்வாதிகள் வாயைத் திறப்பதே மரியாதைக் குறைவு என்ற நிலை. 15ஆம் திகதி நடக்கவேண்டிய வட்டி முடிவை நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 22க்குத் தள்ளியது. ஆனால் திறைசேரிக்குள் வேலை நிற்கவில்லை. ராணியார் இறந்த அதே 8ஆம் திகதி, திறைசேரியின் நிரந்தரச் செயலாளர் டொம் ஸ்கொலரைப் புதிய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் பதவி நீக்கினார். 2008 வங்கி நெருக்கடி, கொரோனா இரண்டையும் உள்ளிருந்து பார்த்த அதிகாரி அவர். அரசாங்கத்தின் நிதிக் கணக்கைச் சுயாதீனமாக மதிப்பிடும் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், சுருக்கமாக ஓ.பி.ஆர்., புதிய நிதியமைச்சர் வந்த முதல் நாளே தன் பொருளாதார முன்கணிப்பின் வரைவைக் கொடுத்திருந்தது. அவர் அதை வெளியிடவில்லை. வரப்போவது வரவுசெலவுத் திட்டம் இல்லை, வெறும் 'வளர்ச்சித் திட்டம்' என்று சொல்லி, முன்கணிப்பை வெளியிடும் கட்டாயத்திலிருந்து விலகிக்கொண்டார்.

வழமையான காலத்தில் இவ்வளவு பெரிய வரிக்குறைப்பு என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே கசியும். பத்திரிகைகள் கிழிக்கும், சொந்தக் கட்சி உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், சந்தை முன்கூட்டியே மெல்ல நகர்ந்து ஒரு எச்சரிக்கை கொடுக்கும், அமைச்சர் பாதியைக் கைவிடுவார். 2022இல் அந்த இரண்டு வாரத்தையும் துக்கம் எடுத்துக்கொண்டது. ட்ரஸ்ஸின் திட்டம் துக்கம் இல்லாவிட்டால் நல்லதாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பாதியளவாவது சுருங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. கொடி எந்த மணிக்கு ஏறவேண்டும் என்பதற்கு அறுபது ஆண்டு ஒத்திகை பார்த்த நாடு, 4,500 கோடி பவுண் வரிக்குறைப்புக்கு ஒரு முன்கணிப்புக்கூட வேண்டாம் என்றது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குவார்டெங் ஒன்றும் தெரியாதவரும் இல்லை. 1690களில் இங்கிலாந்து தன் நாணயத்தை மீள வார்த்தபோது ஏற்பட்ட நெருக்கடியைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

23ஆம் திகதி வெள்ளிக்கிழமை. எங்கள் அலுவலகத்தில் உரையைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரியின் விலக்கு எல்லை 1,25,000 பவுணிலிருந்து 2,50,000க்கு ஏறியபோது கைதட்டினோம். முதல் வீடு வாங்குபவர்களுக்கு 4,25,000 வரை வரியே இல்லை என்றார்கள். உடனே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பிறகு மற்றவை வந்தன: நிறுவன வரி உயர்வு இரத்து, தேசியக் காப்புறுதி உயர்வு இரத்து, அடிப்படை வருமான வரியில் குறைப்பு, அதிக வருமானத்துக்கான 45 சதவீத வரியே நீக்கம், வங்கியாளர் போனஸுக்கு இருந்த உச்சவரம்பு நீக்கம். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு விளக்கமும் இல்லை. மத்தியானத்துக்குள் அரசுக் கடன்பத்திரங்களின் விலை விழுந்துகொண்டிருந்தது. விலை விழுந்தால் அதன் வட்டி ஏறும். எங்கள் நிலையான வட்டி மோட்கேஜ்களின் வட்டி வீதம் அந்தச் சந்தையைத் தொட்டுத்தான் போடப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பீபீசியில் குவார்டெங், இன்னும் வரிக்குறைப்பு வரும் என்றார். சந்தை ஏற்கெனவே பயந்திருக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. திங்கட்கிழமை அதிகாலை ஆசியச் சந்தைகளில் பவுண் 1.03 டொலரளவுக்கு விழுந்தது. அதற்கு முன் எப்போதும் அவ்வளவு தாழ்ந்ததில்லை. ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்புபவர்கள் அன்று காலையே விளங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என் தொழிலில் இருந்த யாரும் மறக்கமாட்டோம். கடன் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து மின்னஞ்சல் வரும்: இன்று மாலையோடு எங்கள் எல்லா நிலையான வட்டித் திட்டங்களையும் எடுக்கிறோம். ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் அடுத்தது. சிலது இரண்டு மணித்தியால அவகாசம் தந்தது, சிலது அதுவும் இல்லை. அந்த நாட்களில் சந்தையில் இருந்த திட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று. எவ்வளவுக்குக் கடன் கொடுக்கலாம் என்று அவர்களுக்கே தெரியாதபோது கடையை மூடுவதுதான் அவர்களுக்குப் பத்திரம். எழுத்து மூலமான ஒப்புதல் கையில் இருந்தவர்கள் தப்பினார்கள். கொள்கையளவில் சம்மதம் மட்டும் வாங்கி, வீடு பார்த்து, முற்பணமும் சேர்த்து வைத்திருந்தவர்கள் தொங்கினார்கள். குறைந்த வட்டிக் காலத்தில் எடுத்த இரண்டு வருட ஃபிக்ஸ் (அந்தக் காலம் முழுவதும் வட்டி மாறாத கடன்) அந்த இலையுதிர் காலத்தில் முடிந்தவர்களின் நிலை இன்னும் மோசம்.

கணக்கைப் பாருங்கள். 2,50,000 பவுண் கடன், 25 வருடம். வட்டி 2 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 1,060 பவுண் கட்டவேண்டும். 6 சதவீதம் என்றால் 1,610. ஒக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு வருட ஃபிக்ஸின் சராசரி வட்டி 6ஐத் தாண்டிவிட்டது. ஒரு அக்கா, கணவனும் மனைவியும் இரவு வேலை செய்பவர்கள், என்னிடம் கேட்டா: "தம்பி, நாங்கள் ஒரு தவணையும் தவறவிடேல்லையே. எங்களுக்கு ஏன் கூட்டினவை?" அந்தக் கேள்விக்குச் சந்தை, கடன்பத்திரம் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். அவ கேட்டது அதுவல்ல.

இதற்குள் வீட்டுக் கடனோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் பெரிய விபத்து நடக்க இருந்தது. பழைய வகை ஓய்வூதிய நிதிகள், பல பத்தாண்டு கழித்துக் கொடுக்கவேண்டிய ஓய்வூதியத்துக்கு ஈடாக நீண்டகால அரசுக் கடன்பத்திரங்களை நம்பியிருப்பவை. கையில் உள்ள பணத்துக்கு மேலாகக் கடன் வாங்கியும் அந்தப் பத்திரங்களின்மேல் பந்தயம் கட்டியிருந்தன. பத்திர விலை விழுந்ததும், மேலதிகப் பிணை கொடு என்று எதிர்த்தரப்பு கேட்டது. பிணைக்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பத்திரத்தை விற்கவேண்டும், விற்றால் விலை இன்னும் விழும், இன்னும் பிணை கேட்பார்கள். 28ஆம் திகதி முப்பது வருடப் பத்திரத்தின் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியபோது இங்கிலாந்து வங்கி உள்ளே இறங்கியது. நாளொன்றுக்கு 500 கோடி பவுண் வரை, ஒக்டோபர் 14 வரை வாங்குவோம் என்றது. அறிவித்த உடனேயே சந்தை அடங்கியது. கடைசியில் வாங்கியது மொத்தம் 1,930 கோடிக்குத்தான். பணவீக்கத்தை அடக்க வட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த அதே வங்கி, அதே நேரத்தில் பத்திரம் வாங்கிப் பணத்தை உள்ளே விட்டது. வேறு வழி இருக்கவில்லை.

ஒக்டோபர் கதை உங்களுக்குத் தெரியும். 3ஆம் திகதி 45 சதவீத வரி நீக்கம் கைவிடப்பட்டது. 14ஆம் திகதி குவார்டெங் போனார். 17ஆம் திகதி புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார். 20ஆம் திகதி ட்ரஸ் விலகினார். ஒரு பத்திரிகை அவருக்கு எதிராக ஒரு லெட்டியூஸைக் கமராவுக்கு முன்னால் வைத்து, எது முதலில் வாடும் என்று பந்தயம் விட்டது. லெட்டியூஸ் வென்றது. 24ஆம் திகதி தீபாவளியன்று சுனக் கட்சித் தலைவரானார். எங்கள் ஆட்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். நான் அவ்வளவு கொண்டாடவில்லை. கோடையில் அவர் சொன்னது சரியாகப் போயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மோட்கேஜ் ஏறியதெல்லாம் ட்ரஸ்ஸால் என்று இங்கே பலர் இன்றும் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. உக்ரைன் போர், எரிசக்தி விலை, அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டியது எல்லாம் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டன. ஹன்ட் வந்தபின் மோட்கேஜ் வட்டி இறங்கி, பிடிவாதமான பணவீக்கத்தால் 2023 ஜூலையில் முந்தைய ஒக்டோபரின் உச்சத்தையும் தாண்டி ஏறியது. அதற்கும் ட்ரஸ்ஸுக்கும் அதிக சம்பந்தமில்லை. எப்படியும் ஏறவிருந்த வட்டிதான். ஆனால் பல மாதத்தில் ஏறவேண்டியதைச் சில நாட்களில் ஏற்றி, அந்த நாட்களில் கையெழுத்துப் போடவேண்டி வந்தவர்களை மட்டும் பிடித்துக்கொடுத்தது அவருடைய அரசாங்கம். அந்த அக்கா அவர்களில் ஒருவர்.

2024 ஜூலைத் தேர்தலில் ட்ரஸ் தன் சொந்தத் தொகுதியையே 630 வாக்கில் இழந்தார். புதிய அரசாங்கம் முதலில் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று, பெரிய வரி, செலவு முடிவு எதுவானாலும் ஓ.பி.ஆர். மதிப்பீடு இல்லாமல் அறிவிக்க முடியாது என்பது. அமைச்சர் கேட்காவிட்டாலும் அந்த அலுவலகம் தானாகவே மதிப்பிட்டு வெளியிடலாம். தற்காலிகமான அவசர நடவடிக்கைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எது அவசரம் என்று முதலில் சொல்லப்போவது மறுபடியும் ஒரு நிதியமைச்சர்தான்.